ஊழும் கீற்றுக் கொட்டகையும்

இராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக முகத்துவாரம் வரை நீளும் கடற்கரைக் குப்பங்களில் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கீற்றுக் கொட்டகை பல இடங்களில் இன்னும் மாறவில்லை. சவுக்குக் கம்பு நான்கோ ஆறோ நட்டு, மேலே மூங்கில் போட்டு, தென்னங்கீற்று வேய்ந்த இந்தக் கொட்டகையில்தான் வலை கிடக்கும். ஐஸ் பெட்டி, படகு இன்ஜின், விறகு, கருவாட்டுக் கூடை எல்லாம் கிடக்கும். வெயில் காலத்தில் வலையைச் சரிபார்ப்பதும் மழை நாளில் அடுப்பு மூட்டுவதும் அங்கேதான். சில வீடுகளில் அதன் ஒரு மூலையில் மஞ்சள் பூசிய கல்லும் எலுமிச்சம்பழம் குத்திய சூலமும் இருக்கும். அது அம்மன் இடம்.

வங்கக் கடலில் புயல் காலம் இரண்டு. கோடையில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் வடக்கே ஒடிசா, வங்காளம், மியன்மர் பக்கம் போய்விடும். சென்னையைத் தேடி வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் புயல். 1966 நவம்பரில் வந்த புயல் ஸ்டமாட்டிஸ் என்ற சரக்குக் கப்பலைக் கரையில் தள்ளியது. அதன் உடைசல் மெரினாவில் நெடுங்காலம் கிடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திரத்துப் பாபட்லா அருகில் என்றாலும், சென்னைக்கு நேரே கடலில் அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோதே வடசென்னை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. எனவே புரட்டாசி முடிவதற்குள் கொட்டகையைப் பிரித்துப் பார்த்துக் கட்டிவிட வேண்டும் என்பது கடற்கரைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தெரிந்தும் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. காசு இல்லாததால் விடுகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'ஆத்தா பாத்துப்பா' என்றோ 'விதி இருந்தா போவுது' என்றோ சொல்லிவிட்டு விடுகிறவர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பேச்சுக்குள் இந்தியத் தத்துவம் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பேசிவந்த கேள்வி ஒன்று இருக்கிறது. நடப்பது நடந்தே தீரும் என்றால் கயிறு எதற்கு? கடவுள் காப்பார் என்றால் முடிச்சு எதற்கு? முடிச்சுப் போடுகிற கை, நம்பிக்கை குறைந்த கையா?

விடை தேடுமுன் வேலையைப் பார்த்துவிடுவது நல்லது. இந்தக் கேள்வி குறித்த வாதங்கள் பெரும்பாலும் வேலையைப் பார்க்காமலே நடந்தவை.

காற்று கொட்டகையைத் தள்ளிச் சாய்ப்பதைவிடத் தூக்கிப் பிய்ப்பதுதான் அதிகம். சரிந்த கூரைமேல் வேகமாகப் போகும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. திறந்த பக்கத்தில் நுழைந்த காற்று அடியிலிருந்து முட்டுகிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. பாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டிய கொட்டகை, புயல் நாளில் தன் பாரத்தைத் தரையோடு பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய கொட்டகையாகிறது. வழக்கமாகக் கட்டும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

வேலை கால்களில் தொடங்குகிறது. சவுக்குக் கம்பு மண்ணுக்கு மேலே கெட்டியாகத் தெரியும். ஆழத்திலும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிப் படும் தரைமட்டத்தில்தான் அது உளுத்துப்போகிறது. கறையானும் அங்கேதான் நுழைகிறது. ஒரு சாண் ஆழத்துக்கு மணலைக் கையால் பறித்துவிட்டு அரிவாள் நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல கம்பு நுனியைத் தள்ளும், கெட்டது விழுங்கும். விழுங்கிய காலை மாற்றாமல் மேலே எத்தனை கயிறு சுற்றினாலும் பயனில்லை. புதுக் கால் மூன்றடியாவது இறங்க வேண்டும். குப்பத்து மணலில் அதுவும் போதாது என்பதால், காலின் அடியில் ஒரு குறுக்குக்கட்டையை அடித்துச் சேர்த்துப் புதைப்பார்கள். மேலே இழுக்கும்போது அந்தக் கட்டைமேல் உள்ள மணல் முழுவதும் எதிர்த்து நிற்கும். தரைமட்டத்துக்குத் தார் பூசுவது கறையானுக்காக.

அடுத்தது மூட்டுகள். காலும் விட்டமும் சேரும் இடத்தில் ஆணி மட்டும் இருந்தால், அது பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கயிற்றை எட்டுப் போட்டுச் சுற்றி இறுக்க வேண்டும். கட்டுமரம் கட்டிய பரம்பரைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நைலான் கயிறு வெயிலில் வெளுத்து நூல் நூலாக உரிவதைப் பார்த்தும் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று விடுவது அந்தப் பரம்பரையிலும் உண்டு. மூலைக்கு மூலை குறுக்குக் கம்பு கட்டினால் சட்டம் ஆடாது. இறவாரம் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று பிடித்துத் தூக்க வசதி. ஒன்றரை அடிக்கு மேல் உள்ளதை வெட்டிவிடலாம்.

கீற்று விஷயத்தில் ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் பழக்கம்: மக்கிய கீற்றை எடுக்காமல் அதன் மேலேயே புதுக் கீற்றைப் போட்டுவிடுவது. மழையில் இரண்டடுக்கும் நனைந்து கனத்துப்போகும். புதுக் கீற்றைக் கட்டிய கயிறு பழைய கீற்றில் ஊன்றி நிற்கும், அந்தக் கீற்றோ கைபட்டால் உதிரும். பழையதை வரிச்சு வரை பிரித்துவிட்டுப் புதியதை இறவாரத்திலிருந்து முகடு நோக்கி ஏற்றுவதே முறை. முகட்டில்தான் கூடுதல் கட்டு வேண்டும். காற்று முதலில் கைவைக்கும் இடம் அது. எல்லாம் முடிந்தபின் பழைய மீன்வலையைக் கூரைமேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து, தரையில் அடித்த முளையிலோ மணல் மூட்டையிலோ கட்டிவிட்டால், கீற்று ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவது நிற்கும். தார்ப்பாய் மட்டும் போட்டால் அது பாய்மரமாகிவிடும். வலை அப்படி ஆகாது, காற்றை விட்டுவிடும். கூரைமேல் செங்கல்லும் கருங்கல்லும் ஏற்றி வைப்பது எங்கும் காணும் பழக்கம், மிக மோசமான பழக்கமும்கூட. கூரை போனால் கல்லும் போகும், போய் எங்கே விழும் என்பது தெரியாது.

காற்று ஒரு திசையில் மட்டும் அடிப்பதில்லை. புயலின் கண் நேராகக் கடக்கும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். பிறகு ஓய்ந்துவிட்டது போல் இருக்கும். பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். வர்தா அன்று, அந்த இடைவெளியில் புயல் போய்விட்டது என்று வெளியே வந்தவர்கள் பலர். வாடைப் பக்கம் மட்டும் கட்டி, தெற்குப் பக்கத்தை விட்ட கொட்டகை பாதி வேலை செய்த கொட்டகைதான்.

இவ்வளவு வேலைக்கும் பிறகு எஞ்சுவது ஒரு வாய்ப்பு மட்டுமே. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்றில் நன்றாகக் கட்டிய கீற்றுக் கூரையும் போகலாம். ஊழை நம்புகிறவரின் வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. கட்டினாலும் போகலாம், கட்டாவிட்டாலும் தப்பலாம் என்றால், தீர்மானிப்பது வேறு ஏதோ ஒன்றல்லவா?

பழைய காலத்தில் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னவர்கள் ஆசீவகர்கள். அவர்களின் ஆசிரியர் மற்கலி கோசாலர், எல்லாம் நியதிப்படி நடப்பது, மனித முயற்சிக்கு அதில் இடமில்லை என்றார். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்தே ஆகும் என்பது அவர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் தரும் உவமை. மணிமேகலை இந்தக் கொள்கையை எடுத்துச் சொல்கிறது. நீலகேசி எடுத்து மறுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், முயற்சியால் ஒன்றும் ஆகாது என்ற ஆசீவகர்கள்தாம் கடுந்தவத்துக்குப் பேர்போனவர்கள். கொள்கை சும்மா இருக்கச் சொன்னாலும் உடம்பு சும்மா இருக்க ஒப்பவில்லை போலும்.

திருக்குறள் இந்த இடத்தில் பலரைக் குழப்பும். அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். ஊழைவிட வலியது எதுவும் இல்லை, அதை விலக்க வேறு வழி எண்ணினாலும் அதுவே முந்திக்கொண்டு நிற்கும் என்பது அந்த அதிகாரத்தின் முடிவு. பொருட்பாலில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் முடிவோ, சோர்வில்லாமல் உழைப்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்பது. ஒரே ஆசிரியர், எதிரெதிர்த் தீர்ப்பு. உரைகாரர்கள் பலவாறு சமாதானம் சொல்வர். கொட்டகைக்காரருக்குப் பயன்படுவது இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும் 619ஆம் குறள்: தெய்வத்தால் ஆகாமல் போனாலும் முயற்சி உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி தந்துவிடும் என்கிறது அது. பிரித்துக் கட்டிய கூரை போனாலும் உளுத்த கால் எது என்று தெரிந்திருக்கும், சட்டம் நிற்கும், அடுத்த வாரமே கீற்று ஏற்றலாம். குற்றங்கடிதல் அதிகாரம் இன்னும் கடுமையாகப் பேசும். வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்க்கை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போர் என்கிறது. அங்கே பேச்சு புயலைப் பற்றியதல்ல, குற்றத்தைப் பற்றியது. காவாமல் விடுவதைத் துரதிர்ஷ்டத்தோடு சேர்க்காமல் குற்றத்தோடு சேர்த்துவைத்தது கவனிக்கத்தக்கது.

சைவ சித்தாந்தம் இதைக் கணக்குப் புத்தகம் போலப் பிரித்துத் தருகிறது. வினை மூன்று: சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்க என்று வந்தது பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். புயல் வருவதை ஒருவர் பிராரத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் கொட்டகையின் முடிச்சை அவிழ்ந்தபடி விட்டது பிராரத்தத்தில் சேராது. அது இன்று செய்தது, ஆகாமியம். ஊழை நம்புகிறவர்கள் இந்த மூன்றாவது பத்தியைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஊழ் வாதம் இப்படி இருக்க, பக்தி வாதம் வேறு மாதிரி. அது சோர்விலிருந்து வருவதில்லை, பாசத்திலிருந்து வருவது. ஊரின் எல்லையைக் காப்பவள் அம்மன்; அவள் இருக்கும் கொட்டகையையே காக்க மாட்டாளா? கயிற்றை எடுத்துக்கொண்டு அவள் தலைக்கு மேல் ஏறுவது அவளைச் சந்தேகிப்பதாகாதா?

இதற்கு விடை திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். புற்று மண் என்பதால் மற்றக் கோயில்களைப் போல் நீராட்டு இல்லை. ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து, புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அதே கோயிலின் தலபுராணம், பிரளய வெள்ளத்தை விலகி நிற்கச் செய்த இறைவன் அவர் என்று சொல்கிறது. உலகத்தையே மூடிய வெள்ளத்தைத் தள்ளி நிறுத்தியவருக்கு ஒரு குடம் தண்ணீர் படாமல் காப்பு. இதில் பக்தர்கள் யாரும் முரண்பாடு கண்டதில்லை, ஏனென்றால் காப்பு அங்கே பயத்தால் செய்வதல்ல, பணிவிடை. இறைவன் உருவம் எடுத்து ஓரிடத்தில் வந்து இருக்கச் சம்மதித்தார் என்றால், அந்த உருவத்துக்கு வேண்டிய உணவு, உடை, கூரை எல்லாவற்றையும் மனிதக் கையிலிருந்து பெறவும் சம்மதித்தார் என்று பொருள். புயலும் அடைமழையும் உச்சத்தில் இருக்கும் கார்த்திகையில்தான் அந்தத் தைலக்காப்பும் நடக்கிறது என்பது காலண்டரின் தற்செயல். ஆனால் பொருத்தமான தற்செயல்.

அதே ஊர்க்காரர் கலிய நாயனார். எண்ணெய் வணிகர் குலம். கோயில் முழுவதும் விளக்கேற்றுவது அவர் தொண்டு. செல்வம் தீர்ந்ததும் செக்கில் கூலி வேலை செய்து ஏற்றினார். அதுவும் இல்லாதபோது தன் கழுத்தை அறுத்து இரத்தத்தால் விளக்கெரிக்க முனைந்தார், இறைவன் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். சூரியனையே படைத்தவருக்கு விளக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குப் புராணத்தில் இடம் இருந்திருக்காது.

கூரை மாற்றும்போது தெய்வம் எங்கே இருக்கும் என்பதற்கும் ஆகமம் முறை வைத்திருக்கிறது. பெரிய கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள்: மூலவரின் ஆற்றலைக் கலசத்திலோ அத்திப் பலகையில் எழுதிய உருவத்திலோ இறக்கி வைத்து, பணி முடிந்து குடமுழுக்கில் திரும்ப ஏற்றுவார்கள். கட்டடம் பழுதாகும், பழுதானால் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது தெய்வத்துக்கு இடையூறு வரக்கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டியே நினைத்து வைத்த மரபு இது. கொட்டகையில் இருக்கும் அம்மனுக்கு இவ்வளவு விதி இல்லை. சூலத்தையும் கல்லையும் வீட்டுக்குள் எடுத்துப்போய் விளக்கேற்றி வைத்துவிட்டுக் கூரையைப் பிரித்தால் அபசாரமாகாது; மரபின் பெரிய முறையை அது சின்ன அளவில் செய்வதுதான்.

இந்தக் கரையில் இருப்பவர்கள் அம்மன் பக்தர்கள் மட்டுமல்ல. இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயத்தைச் சுற்றிய கத்தோலிக்கர்களுக்குப் புயல் கதை பழக்கமானது: படகு மூழ்கும்போது இயேசு தூங்கிக்கொண்டிருந்தார், சீடர்கள் எழுப்பினார்கள், அவர்களின் விசுவாசக் குறைவைக் கடிந்துவிட்டுக் காற்றை அதட்டி அடக்கினார். இதை மட்டும் வைத்துக்கொண்டு, பயப்படாமல் இருப்பதே விசுவாசம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் மத்தேயு நற்செய்தியிலேயே சாத்தான் இயேசுவைக் கோயில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்று அவர் மறுக்கிறார். உளுத்த காலோடு புயலுக்காகக் காத்திருப்பது விசுவாசம் என்ற பேரில் செய்யும் சோதனை. முஸ்லிம்களிடையே இந்தக் கேள்விக்கு மிகச் சுருக்கமான விடை வழங்குகிறது: ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பலாமா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்றார் நபி என்பது திர்மிதி தொகுப்பில் உள்ள செய்தி. வைணவத்தில் மட்டும் விவகாரம் நீண்டுவிட்டது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாகப் பேசின. ஆனால் அது வீடுபேற்றைப் பற்றிய வாதம். பூனைக்குட்டிக் கட்சியினரும் வீட்டுக் கூரையை ஒழுகவிட்டதாகத் தகவல் இல்லை.

ஆக, கட்டுவதை இங்கே பார்த்த எந்த மரபும் நம்பிக்கைக் குறைவு என்று சொல்லவில்லை. இதோடு கேள்வி தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இதுவரை பேசியதெல்லாம் ஒரு மனிதர், ஒரு கொட்டகை, ஒரு கடவுள் என்ற கணக்கில். குப்பத்தில் கொட்டகைகள் அப்படி நிற்பதில்லை. இறவாரம் இறவாரத்தோடு உரசும். ஒருவர் தன் ஊழை ஏற்றுக்கொண்டு கட்டாமல் விட்ட கூரை, அவர் தலையில் விழுவது அபூர்வம். காற்று அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். பறந்து வரும் சவுக்குக் கம்பும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் புயல் நாளில் ஆளை வெட்டும். வெட்டுப்பட்டவர் அதை விதி என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் அது அடுத்த வீட்டுக்காரர் போடாமல் விட்ட முடிச்சு.

துன்பத்தை மூன்றாகப் பிரிப்பது சாங்கியர் தொடங்கிவைத்தது, சைவ நூல்களும் எடுத்துக்கொண்டது. உடம்பாலும் மனத்தாலும் தனக்குள் எழுவது ஆதியான்மிகம். பிற உயிர்களாலும் பொருள்களாலும் வருவது ஆதிபௌதிகம். மழை, காற்று, இடி போல மனிதருக்கு மேற்பட்டவற்றால் வருவது ஆதிதைவிகம். புயல் என்றதும் எல்லாவற்றையும் மூன்றாம் பெட்டியில் போட்டுவிடுவது வழக்கம். வடசென்னைக் கரையின் வரலாறு அதை அனுமதிக்கவில்லை.

சென்னைத் துறைமுகமே புயலுக்கு எதிரான ஓர் ஏற்பாடு. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள் வடகிழக்குப் பருவத்தில் அடிபட்டுப் போயின. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பல்களை அடுத்த மாதமே அக்டோபர்ப் புயல் சிதைத்தது. 1870களில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில், முடியும் தறுவாயில் இருந்த சுவர்களைப் புயல் உடைத்தது. திரும்பக் கட்டினார்கள், நின்றது, கப்பல்கள் பிழைத்தன. ஆனால் இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே சேர்ந்த மணல் மெரினா ஆயிற்று. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தமக்கு வரவேண்டிய மணலை இழந்து கரையை இழந்தன. கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒவ்வொரு வளைவும் தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்துவைத்து வடக்குப் பக்கத்தைப் பட்டினி போடும். அரிப்பு ஒரு குப்பத்திலிருந்து அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது.

மிக்ஜாம் வெள்ளத்தில் இன்னொன்று நடந்தது. மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து, படகையும் வலையையும் அலையாத்திச் செடிகளையும் கறுப்பாக்கியது. மழை ஆதிதைவிகம். எண்ணெயை அந்தப் பெட்டியில் போட எந்த நூலும் இடம் தராது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் வழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததும் அப்படித்தான். குப்பத்தில் ஒருவர் விதி என்று பெயர் வைத்து ஏற்றுக்கொள்வதில் ஒரு பெரும் பங்கு வேறு யாரோ செய்த வினை. வினைக் கொள்கையை மறுப்பவர்கள் சொல்வதல்ல இது; வினைக் கொள்கையை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது. செய்தவருக்கே பயன் என்பது அதன் அடிப்படை விதி. அடுத்தவர் வினையைத் தன் தலைவிதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்வது அந்த விதிக்கே முரண்.

இதைத் திருப்பிப் போட்டால் கொட்டகைக்காரருக்கும் ஒரு கடமை விழுகிறது. தன் கொட்டகையைக் காக்கும் ஏற்பாடு அடுத்தவர் தலையில் போய் முடியக்கூடாது. வெள்ளத்தைத் தடுக்கத் தன் வாசலில் மட்டும் மண்ணை அணைத்துப் போட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். கூரையில் கல் ஏற்றக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. துறைமுகம் செய்ததைக் கொல்லைப்புறத்தில் சிறிய அளவில் செய்யாதிருப்பது தனி ஒருவரால் ஆகக்கூடிய அறம். அதனால்தான் தெருவே சேர்ந்து ஒரே நாளில் கட்டுவது நல்லது. தனியாகக் கட்டிய நல்ல கொட்டகையை, கட்டாத நான்கு கொட்டகைகள் சேர்ந்து சாய்த்துவிடும்.

இனி, எதை விடுவது என்பது. புயல் நேராக வருகிறது என்று உறுதியாகிவிட்டால், அனுபவசாலிகள் கீற்றைக் கட்டி வைப்பதைவிட இறக்கிவிடுவார்கள். வெறும் சட்டத்தில் காற்றுக்குப் பிடி கிடைக்காது. இறக்கிய கீற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டிச் சுவரோரம் தரையில் போட்டு, மேலே வலையை மூடி மணல் மூட்டை வைத்தால் பாதியாவது மிஞ்சும். கால்களுக்கும் விட்டத்துக்கும்தான் விலை அதிகம். கீற்று எப்படியும் ஓரிரு ஆண்டுக்கு மேல் வராதது. நிலையாமை என்பது துறவிகளின் பேச்சு என்று நினைப்பவர்கள் கீற்றுக் கூரையின் கீழ் இருந்து பார்க்காதவர்கள். திருவொற்றியூரில் கடலோரம் சமாதி கொண்ட பட்டினத்தார் வீட்டையும் செல்வத்தையும் மொத்தமாக உதறியவர். அது ஒரு வகை. எது போகும் எது நிற்கும் என்று தரம் பிரித்து, போவதைத் தானே முன்கூட்டி அவிழ்த்து வைப்பது இன்னொரு வகை. கட்டுமரக்காரர்கள் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தி, அடுத்த முறை மறுபடி கட்டிக்கொண்டு போன காலம் உண்டு. கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே தொழிலின் இரு கை. நிலையாமையை அறிந்தவர் கட்டாமல் இருப்பார் என்பது தவறான முடிவு. அவர் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகப் போடுவார்.

கடைசி ஏற்பாடு, விட்டுப் போவது. வானிலைத் துறை 72 மணி நேரத்துக்கு முன்பே முதல் குறிப்புத் தரும். 48, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை கூடும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கூண்டு எண் ஒன்று, இரண்டு என்றால் புயல் தொலைவில் என்று பொருள். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்று என்றொரு எண்ணும் உண்டு: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். கட்ட வேண்டியதைக் கட்டி, இறக்க வேண்டியதை இறக்கியபின் கொட்டகைக்குக் காவலாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு புயலிலும் உண்டு. இன்ஜின் போய்விடும், வலை போய்விடும் என்ற பயம். பல லட்சம் கடனில் வாங்கிய பொருள் என்பதால் அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் இன்ஜினை முன்பே கழற்றி மாடிக்கு ஏற்றியிருக்க வேண்டும். அதற்குத்தான் மூன்று நாள் அவகாசம். உடம்பு அழிந்தால் உயிரும் கெட்டு மெய்ஞ்ஞானமும் கைகூடாது என்று சொன்ன திருமூலர், உடம்பைக் காப்பதைச் சாதனையின் பகுதியாகவே வைத்தார். மாநகராட்சிப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ ஓர் இரவு படுப்பது அதற்குள் அடங்கும்.

அம்மன் கல் வீட்டுக்குள் இருக்கிறது. விளக்கில் எண்ணெய் இருக்கிறது. முகாமுக்குப் போகுமுன் விளக்கை அணைத்துவிட வேண்டும், ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்கு கீற்றுக் கட்டுக்கு அருகில் இருப்பது ஆபத்து. காற்று முழுதும் ஓய்ந்து, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்த்தபின் திரும்பினால், முதலில் செய்ய வேண்டியது வலையை அவிழ்த்து நனைந்த கீற்றைப் பிரித்து உலர்த்துவது. ஈரத்தோடு கிடந்தால் இரண்டு வாரத்தில் பூசணம் பிடிக்கும், பாம்பும் தேளும் புகும். கால்களை மறுபடி குத்திப் பார்த்து, ஆடியதைக் கெட்டித்து, முதல் கீற்றை ஏற்றியபின் கல்லையும் சூலத்தையும் பழைய மூலைக்குக் கொண்டுவரலாம்.